லியாவின் கதையை ஐந்து பேர் எப்படிச் சொல்வது?

கேள்வி:

நான் சென்னையில் எம்.ஏ. மானிடவியல் முதலாமாண்டு படிக்கிறேன். மருத்துவ மானிடவியல் தாளுக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு வாசிப்பைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எங்களுக்கு வந்திருப்பது ஆன் ஃபடிமன் எழுதிய ‘தி ஸ்பிரிட் கேட்சஸ் யூ அண்ட் யூ ஃபால் டவுன்’ புத்தகம். கூடவே ஆர்தர் கிளைன்மன் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 1978-இல் எழுதிய கட்டுரை. மொத்தம் 25 நிமிடம்.

புத்தகத்தில் 19 அத்தியாயங்கள். ஆளுக்கு நான்கு, ஒருவருக்கு மட்டும் மூன்று என்று பிரித்துக்கொண்டோம். எங்களில் மூன்று பேர் தமிழ்வழியில் படித்தவர்கள்; பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. ஒருத்தி சாட்ஜிபிடியில் சுருக்கம் எடுத்து ஸ்லைடும் போட்டுவிட்டாள். ஒரு பையன் கூடிப் பேசக் கூப்பிட்டால் வருவதே இல்லை. நர்சிங் முடித்து மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா இருக்கிறார். அவருக்குப் புத்தகத்தின் மேலேயே கோபம். “பிள்ளைக்கு மருந்து கொடுக்காதது அவங்க, பழி மட்டும் டாக்டருக்கா?” என்கிறார். நம் ஊர் உதாரணமாக ஏர்வாடிப் படங்களைக் காட்டலாம் என்று ஒருத்தி சொல்கிறாள். போன வாரம் பேசிய குழுவிடம் எங்கள் சார், “புத்தகத்தை ஒப்பிச்சிட்டீங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்க?” என்று கேட்டுவிட்டார். எங்களிடமும் அதைத்தான் கேட்பார். எப்படித் தயாராவது?

– ஒரு மாணவி, சென்னை

பதில்:

முதலில் அந்தப் பாகப்பிரிவினையைக் கலைத்துவிடுங்கள். எந்தப் புத்தகத்தையும் அப்படிப் பிரிக்கக் கூடாதுதான். இந்தப் புத்தகத்துக்கு அது இன்னும் கெடுதல். ஃபடிமன் வேண்டுமென்றே, வலிப்பு நோயுள்ள லியா என்ற குழந்தையின் கதையை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போவார், வரலாற்றிலிருந்து மறுபடி கதைக்கு வருவார். பத்தாம் அத்தியாயம் லாவோஸ் போர். பதினொன்றில் லியாவுக்கு வந்த மிகப் பெரிய வலிப்பு. பன்னிரண்டில் குடும்பம் தப்பி ஓடியது. பதின்மூன்றில் மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒருத்திக்கு என்று கொடுத்தால், குழந்தை சாகக் கிடக்கும் இடத்தில் அவள் தன் பேச்சை நிறுத்திவிட்டு உட்காருவாள். அடுத்தவர் எழுந்து, “வணக்கம், நான் பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி…” என்று தொடங்குவார். உங்கள் சார் சொன்ன ஒப்பித்தல் இதுதான்.

ஐந்து பேரும் ஒரே பகுதியைப் படியுங்கள்: மூன்று முதல் ஏழு வரை, பிறகு 11, 13, 17. கிளைன்மன் கட்டுரை சில பக்கங்களே, அதையும் எல்லோரும். மிச்ச அத்தியாயங்களை மட்டும் பங்கு போட்டு, படித்தவர் மற்ற நால்வருக்கும் தமிழில் வாயால் சொல்லட்டும். இப்படிச் சொல்லும்போதுதான் எது புரியவில்லை என்று அவருக்கே தெரியும்.

இப்போது புத்தகத்துக்குள் வருகிறேன். ஸ்லைடுக்கு முன்னால் நீங்கள் ஐவரும் ஒத்துக்கொள்ள வேண்டியது, நடந்தது என்ன என்பது.

லியா லீ 1982 ஜூலையில் கலிஃபோர்னியாவின் மெர்செட் ஊரில் பிறந்தவள். அம்மா ஃபுவா, அப்பா நாவ் காவ். லாவோஸ் மலைப்பகுதியின் மோங் மக்கள். அந்த மக்களில் பலரை அமெரிக்க உளவுத்துறை தன் ரகசியப் போருக்குப் படையாகச் சேர்த்துக்கொண்டது. 1975-இல் ஆட்சி கைமாறியதும் ஆயிரக்கணக்கானோர் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். லீ குடும்பம் 1980-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தது.

மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது லியாவுக்கு முதல் வலிப்பு. அக்கா கதவைப் படீரென்று சாத்தியதில் குழந்தையின் ஆன்மா பயந்து ஓடிவிட்டது என்று பெற்றோர் நினைத்தார்கள். மோங் மொழியில் இந்த நோய்க்கு ‘கௌ டா பே’ என்று பெயர். ஆவி பிடிக்கிறது, கீழே விழுகிறாய் என்று பொருள். புத்தகத்தின் தலைப்பு அதுதான். அவர்களுக்கு இது கவலை மட்டுமல்ல, கொஞ்சம் கௌரவமும்கூட. இந்த நோய் உள்ளவர்கள் பின்னாளில் ஆவிகளோடு பேசிக் குணப்படுத்துபவர்களாக ஆவதுண்டு.

கவலை அதிகமானபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இதை அடிக்கோடிடுங்கள். பலர் இந்தப் பெற்றோரை மருத்துவமனையை வெறுத்தவர்களாகவே வகுப்பில் அறிமுகப்படுத்துகிறார்கள். முதல் இரண்டு முறையும் இவர்கள் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. மொழிபெயர்க்க ஆளில்லை. நெஞ்சுச் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1983 மார்ச்சில், லியாவுக்கு எட்டு மாதம் ஆகும்போது, மூன்றாம் முறை போனார்கள். அப்போதும் வலிப்பு நிற்காமல் இருந்ததால் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் தன் கண்ணால் பார்த்தார், கண்டுபிடித்தார். முதல் வலிப்புக்கும் சரியான நோயறிதலுக்கும் நடுவே ஐந்து மாதம் போயிருந்தது. அதில் பெற்றோரின் நம்பிக்கைக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் மருந்துக் கதை. நான்கு ஆண்டுக்கும் குறைவான காலத்தில் லியாவின் மருந்துச்சீட்டு 23 முறை மாறியது. மொத்தம் 14 வகை மருந்துகள். ஒன்று நாளைக்கு இரண்டு வேளை, ஒன்று மூன்று வேளை, ஒன்று பாதி மாத்திரை, ஒன்று போன வாரத்தோடு நிறுத்தியாயிற்று. பெற்றோருக்கு எழுத்தே தெரியாது, சீசாவின் மேலிருப்பதோ ஆங்கிலம். சில மருந்து கொடுத்தால் பிள்ளை சோர்ந்து விழுகிறாள், சில கொடுத்தால் வெறிபிடித்தாற்போல் ஓடுகிறாள் என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அதனால் சிலவற்றைக் கொடுக்கவில்லை. மருத்துவர்கள் நீல் எர்ன்ஸ்ட், பெக்கி பில்ப் இருவரும் கணவன் மனைவி. கடமையில் குறை சொல்ல முடியாதவர்கள். இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு போதாமல் இருப்பதைக் கண்டார்கள். குழந்தை இப்படியே செத்துவிடும் என்று அஞ்சி, குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு எழுதினார்கள். 1985-இல் நீதிமன்ற உத்தரவோடு லியாவைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பு வீட்டில் விட்டார்கள். அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தாள்.

இந்த இடத்தில் நான் பார்த்த குழுக்கள் பெரும்பாலும் ஒரே ஸ்லைடைப் போடுகின்றன. இடப்பக்கம் ‘மோங் பண்பாடு’, வலப்பக்கம் ‘மேற்கத்திய மருத்துவம்’, நடுவே இரண்டு அம்புக்குறிகள் முட்டிக்கொள்ளும். கீழே ‘பண்பாட்டு மோதல்’. வகுப்பு தலையாட்டும். புத்தகத்தைத் திறக்காதவரும் அந்த ஸ்லைடைப் போட்டுவிட முடியும் என்பதுதான் அதன் குறை.

அந்தச் சொற்றொடரைக் குழுவுக்குள் ஒரு வாரம் தடை செய்யுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காட்சியிலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். யார் முடிவெடுத்தார்கள்? அந்த முடிவை யாரால் மாற்ற முடிந்தது? யாரிடம் யாருமே கேட்கவில்லை? இதைச் செய்தால் புத்தகம் வேறாகத் தெரியும். பெற்றோர் மருத்துவரை நம்பாவிட்டால் ஒரு வேளை மருந்து தவறும். மருத்துவர் பெற்றோரை நம்பாவிட்டால் வீட்டு வாசலில் அரசு வாகனம் வந்து நிற்கும், குழந்தை போய்விடும். இரண்டும் நம்பிக்கையின்மைதான். ஆனால் இரண்டையும் ‘மோதல்’ என்ற ஒரே பெயரில் எழுதினால், ஒரு பக்கத்தின் கையில் நீதிமன்றம் இருந்தது என்பது காணாமல் போகிறது.

இனி அந்த நர்ஸ் அக்காவுக்கு. “மருந்து கொடுக்காதது அவங்க” என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் கோபத்துக்குப் புத்தகத்திலேயே இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, வளர்ப்பு வீட்டில் மருந்து வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. வலிப்பு உடனே அடங்கிவிடவில்லை. பிற்பாடு மருந்தை மாற்றிய பிறகுதான் நிலைமை தேறியது. ஆகவே அளவு தவறியது மட்டுமே சிக்கல் என்று சொல்ல முடியாது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. 1986 நவம்பரில் லியாவின் மூளை நிரந்தரமாகப் பாழானது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, நடக்கவில்லை. ‘பெற்றோர் மருந்து கொடுக்காததால் இப்படி ஆயிற்று’ என்று எழுதாத மாணவர் குறைவு. பதினொன்று, பதின்மூன்று அத்தியாயங்களை மெதுவாகப் படியுங்கள். ஃப்ரெஸ்னோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் தெரிய வந்தது, அவள் செப்டிக் ஷாக் என்ற நிலையில் இருந்தாள் என்பது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் பரவி, உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வலிப்பை அடக்குவதிலேயே எல்லோர் கவனமும் இருந்தது. அதுவரை அவள் எப்போது வந்தாலும் வலிப்புக்காகத்தான் வந்தாள். அன்றும் அப்படித்தான் பார்க்கப்பட்டாள். அவளுக்குக் கொடுத்த ஒரு வலிப்பு மருந்தே தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைத்திருக்கலாம் என்ற பேச்சும் புத்தகத்தில் வருகிறது.

இதனால் மருத்துவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அந்த இரவில் வேறு யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள் என்று உங்கள் அக்கா வாதிடலாம். வாதிட வேண்டும், வகுப்பின் முன்னாலேயே. மருத்துவமனையில் வேலை பார்த்தவர் சொல்லும்போது அந்த வாதத்துக்கு வேறு எடை வரும். குழுவுக்குள் இருக்கும் இந்தச் சண்டையை மூடி மறைத்து ‘நாங்கள் ஐவரும் ஒருமனதாக’ என்று பேசாதீர்கள். உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கே அதுதான்.

இறந்துவிடுவாள் என்று சொல்லித்தான் லியாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபுவா அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தார். லியா 2012 ஆகஸ்டு 31 வரை இருந்தாள், வயது 30. புத்தகம் வந்தது 1997-இல் என்பதால் இது அதில் இருக்காது. யாராவது ஒருவர் சொல்லிவிடுங்கள்.

கிளைன்மன் கட்டுரையை இதோடு எப்படிக் கோப்பது? கிளைன்மன் மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. தைவானில் களப்பணி செய்தவர். லியான் ஐசன்பெர்க், பைரன் குட் இருவரோடும் சேர்ந்து அவர் அந்தக் கட்டுரையை எழுதியது ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில், அதாவது மருத்துவர்களுக்காக. மருத்துவர் உடம்பில் கண்டுபிடிக்கும் கோளாறு வேறு, நோயாளியும் வீட்டாரும் வாழ்ந்து அனுபவிக்கும் நோய் வேறு. இரண்டுக்கும் தனித்தனி விளக்கங்கள் உண்டு. நோயாளியின் விளக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சை பேச முடியாது. கேட்பதற்கு எளிய கேள்விகளையும் தருகிறார்கள்: எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்கிற மாதிரி.

புத்தகத்தின் பதினேழாம் அத்தியாயத்துக்குப் பெயரே ‘எட்டுக் கேள்விகள்’. பெற்றோரோடு பேசிய பல நாள் பேச்சுகளிலிருந்து அந்த எட்டுக்கும் என்ன பதில் வந்திருக்கும் என்று ஃபடிமன் தொகுத்துத் தருகிறார். பிறகு கிளைன்மனையே அழைத்து, லியாவின் மருத்துவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறார். சொன்னபடி கேட்டார்களா இல்லையா என்று நோயாளியை அளக்கும் பேச்சை விடச் சொல்கிறார் அவர். அடக்கிப் பணியவைப்பதை விட்டுவிட்டுப் பேசி ஒப்பந்தத்துக்கு வரச் சொல்கிறார். மூன்றாவது, மருத்துவத்துக்கும் ஒரு பண்பாடு உண்டு, அதன் பிடி மோங் பண்பாட்டின் பிடிக்குக் குறைந்ததல்ல என்கிறார். இந்த மூன்றாவதில் நில்லுங்கள். அம்புக்குறி ஸ்லைடின் வலப்பக்கத்தில் ‘பண்பாடு’ என்ற சொல் ஏன் இல்லை என்று கேட்க இதுதான் இடம்.

ஒரு சின்ன விலகல். நோயைப் பற்றிய மக்களின் விளக்கத்துக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது என்ற கருத்து 1978-இல் முளைத்ததல்ல. நீலகிரியில் தோடர்களிடம் தங்கி 1906-இல் புத்தகம் எழுதிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் ஒரு மருத்துவர். அவர் இறந்த பிறகு 1924-இல் வெளிவந்த ‘மெடிசின், மேஜிக் அண்ட் ரிலிஜன்’ இதைத்தான் பேசுகிறது: நோய்க்குக் காரணம் இன்னது என்று நம்பிவிட்டால், செய்யும் சிகிச்சை அதிலிருந்து ஒழுங்காகப் பிறக்கிறது. ஆன்மா ஓடிவிட்டது என்று நம்புகிறவர் அதைத் திரும்ப அழைக்கத்தானே செய்வார்? உங்கள் தாளில் ரிவர்ஸ் எப்படியும் வருவார். ஒரு வரியில் இணைத்தால் சாருக்குப் பிடிக்கும்.

ஆனால் கிளைன்மனோடு முடித்துவிட்டால் கதை ‘நல்ல கேள்வி கேட்டால் எல்லாம் சரியாகும்’ என்று ஆகிவிடும். அது இந்த நிகழ்ச்சிக்குப் போதாது. கேள்வி கேட்கவே ஆள் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் வேண்டும். கிளைன்மனுக்கே பின்னாளில் இதில் மனக்குறை இருந்தது. 2006-இல் பீட்டர் பென்சனோடு எழுதிய கட்டுரையில், ‘பண்பாட்டுத் திறன்’ என்ற பெயரில் மருத்துவர்களுக்கு இனவாரியாகக் குணப்பட்டியல் கற்பிக்கும் பழக்கத்தை அவர் சாடினார். ஃபடிமன் புத்தகத்தையே எடுத்து விமர்சித்தவர் ஜேனல் டெய்லர். 2003-இல் ‘மெடிக்கல் ஆந்த்ரோபாலஜி குவார்ட்டர்லி’ இதழில் வந்த கட்டுரை அது. கதை ஒரு துன்பியல் நாடகமாகக் கட்டப்பட்டிருக்கிறது, இரு பக்கமும் தவிர்க்க முடியாமல் முட்டிக்கொள்கின்றன, அந்த வேகத்தில் பண்பாடு என்பது அசையாத ஒரு பொருளாக உறைந்துவிடுகிறது என்பது அவர் சொல்வதன் சாரம். இதை நீங்கள் சேர்த்தால், சார் தந்த இரண்டு வாசிப்புகளுக்கு வெளியே ஒரு மூன்றாவது குரல் வரும். முடிந்தால் பால் ஃபார்மரின் பெயரையும் சொல்லுங்கள்: ஹைட்டியில் ஏழைகளோடு வேலை செய்த மருத்துவர், மானிடவியலாளர். வறுமையும் அதிகாரமும் செய்த காரியத்தைப் பண்பாட்டு வேறுபாட்டின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று விடாமல் எழுதியவர்.

இன்னொன்றை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஃபடிமன் பத்திரிகையாளர், மானிடவியலாளர் அல்ல. அவர் மெர்செட்டுக்குப் போனது 1988-இல். லியாவின் கதையில் முக்கியமான எல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருந்தது. அவர் எழுதியதெல்லாம் மருத்துவமனைக் கோப்புகளிலிருந்தும், பல ஆண்டு கழித்து மனிதர்கள் நினைவிலிருந்து சொன்னவற்றிலிருந்தும். கோப்பு எழுதியது ஒரு பக்கம். மற்ற பக்கத்திடம் இருந்தது நினைவு மட்டும். ‘எந்தக் காட்சிக்கு யார் சாட்சி?’ என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். அது ஸ்லைடுக்கு வரத் தேவையில்லை. கேள்வி வரும்போது கை கொடுக்கும்.

ஏர்வாடிக்கு வருகிறேன். படங்களைக் காட்டாதீர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் தீயில் மாட்டி மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்த மனிதர்கள் உங்கள் 25 நிமிடத்துக்கு அலங்காரம் அல்லர். அதைவிட, அந்த உதாரணம் நீங்கள் நினைப்பதைச் சொல்லாது. ‘தர்கா நம்பிக்கையால் வந்த சாவு’ என்று காட்டினால் மறுபடியும் அதே அம்புக்குறி ஸ்லைடுதான். தீப்பிடித்தது தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த காப்பகம் ஒன்றில். குடும்பங்கள் ஏன் தம் மனிதரை அங்கே கொண்டுவந்து விட்டன? பக்கத்தில் மனநல சிகிச்சை எங்கே இருந்தது? அந்தக் காப்பகங்களை யார் கண்காணித்தார்கள்? உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தபோது கேள்வி கேட்டது மாநில அரசுகளைத்தான். இதையெல்லாம் பேச நேரமிருந்தால் பேசுங்கள், படமில்லாமல்.

நம் ஊர் உதாரணம் வேண்டும் என்றால் எனக்குத் தோன்றுவது இரண்டு. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் மற்ற மூவரும் எழுதிய சிறு கட்டுரை ஒன்று. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பற்றியது. அவர்களுக்குச் சில வாரங்கள் அங்கே தங்கியதிலேயே நோய்க்குறிகள் அளவுகோலில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. சுவையான பகுதி என்னவென்றால், அங்கே பெரிய சடங்கோ பேயோட்டமோ ஒன்றும் இல்லை. கோயில் வேலையில் கூடமாட ஒத்தாசை, குடும்பத்தார் உடனிருப்பு, மிரட்டாத சூழல் ஆகியவற்றைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகப் பார்க்கிறார்கள். ‘பார்த்தீர்களா, கோயில் குணப்படுத்தும்’ என்று துள்ளுபவருக்கும் ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்பவருக்கும் இது ஒருசேர உதவாது. 31 பேர் மட்டும்தான், ஒப்பிட வேறு குழு இல்லை என்று குறை சொல்லவும் இடமிருக்கிறது. வகுப்பில் விவாதம் கிளப்ப இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டாவது, சிசிலியா வான் ஹாலனின் ‘பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்’, 2003. தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களின் பிரசவம் பற்றியது. அரசு மருத்துவமனையை வேண்டாம் என்ற பெண்கள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. அங்கே வாங்கிய வசவு, ஒவ்வொன்றுக்கும் நீட்ட வேண்டிய காசு, பிரசவம் முடிந்த கையோடு சரியாகக் கேட்காமலே வைத்துவிடும் காப்பர்-டி ஆகியவற்றை எடைபோட்டுத்தான் சொன்னார்கள். லியாவின் பெற்றோர் மருந்தைக் குறைத்ததையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். உங்கள் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் இதில் சொல்ல ஒரு கதை இருக்கும். ஆனால் அவர்கள் பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள். ஒரு உதாரணம் போதும். இரண்டையும் எடுத்தால் லியாவுக்கு நேரம் இருக்காது. ஒன்றுதான் என்றால் நான் வான் ஹாலனை எடுப்பேன்.

மொழி பற்றி. தமிழில் படியுங்கள், தமிழில் சண்டை போடுங்கள், கடைசியில் தேவையானதை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். தமிழில் பேச சார் அனுமதித்தால் கூசாமல் பேசுங்கள். பெயர்களை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். மோங் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது சொல்லின் கடைசி மெய்யெழுத்து உச்சரிப்பல்ல, அது தொனியைக் காட்டும் குறி. அது தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படித்து, நோயின் பெயரையே ‘க்வாக் டாப் பெக்’ என்று சொன்ன வகுப்புகள் உண்டு.

சாட்ஜிபிடி சுருக்கத்தைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் போட்ட தோழியிடம் ஒரு வேலை கொடுங்கள்: அந்தச் சுருக்கத்தில் லியாவின் மூளை எதனால் பாழானது என்று எழுதியிருக்கிறது? பதினொன்று, பதின்மூன்று அத்தியாயங்களோடு ஒத்துப்போகிறதா? முதல் இரண்டு முறை நடந்த தவறான நோயறிதல் அதில் இருக்கிறதா? சரிபார்த்து முடிப்பதற்குள் அவள் புத்தகத்தைப் படித்திருப்பாள்.

25 நிமிடத்தில் கதைக்கு ஏழெட்டு நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். பலர் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கோட்பாட்டுக்கு ஓடுகிறார்கள். கதை தெரியாத வகுப்புக்குக் கோட்பாடு ஒட்டாது. குழுவில் நன்றாகக் கதை சொல்ல வருபவர் ஒருவரே சொல்லட்டும், ஸ்லைடு இல்லாமல். மருந்துப் பகுதி வரும்போது ஒரு காரியம் செய்யலாம். பர்மிய எழுத்திலோ ஜார்ஜிய எழுத்திலோ ஒரு மருந்துச்சீட்டு தயாரித்து வகுப்புக்குக் கொடுத்து, “சாயங்காலம் என்ன கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுங்கள். நர்ஸ் அக்கா இதைச் செய்தால் பொருத்தம். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், விளையாட்டாகிவிடும். கிளைன்மனுக்கு நான்கு நிமிடம், டெய்லருக்கு மூன்று, வான் ஹாலனுக்கு மூன்று. மிச்சம் முழுவதும் வகுப்புக்கு.

வகுப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1985-இல் நீதிமன்றம் லியாவைப் பிரித்தது சரியா? இதைத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிட்டால், கேட்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே கேட்பார்கள். ‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்று நழுவுபவரை விடாதீர்கள். நீதிபதி அப்படி எழுதிவிட்டுப் போக முடியாது. அன்று இரவு குழந்தை எந்த வீட்டில் தூங்கும் என்று சொல்லியாக வேண்டும்.

வராத பையனுக்கு முன்னுரையும் முடிவுரையும் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்கு எப்போதும் அதைத்தான் தள்ளிவிடுவார்கள். 1983 மார்ச் இரவு, அந்த மூன்றாவது மருத்துவமனைப் பயணம், அதை மட்டும் கொடுங்கள். சில பக்கங்கள்தான். படித்தால் மேலே படிக்கத் தோன்றும் பக்கங்கள் அவை.

சார் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் ஐவருக்கும் ஒரே வாக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டும். என்னுடையது இது: லியாவின் வீட்டிலும் மருத்துவமனையிலும் நோய்க்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன என்பதைவிட, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே ஆணையிடும் அதிகாரம் இருந்தது என்பதுதான் அவள் கதையைத் தீர்மானித்தது. உங்களுடையது இதற்கு நேர் எதிராக இருக்கலாம், நர்ஸ் அக்கா சொல்வதாகவே இருக்கலாம். காட்சிகளைக் காட்டி நிறுவினால் சரி. எழுதி, ஐந்து பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சார்கள் இந்தக் கேள்வியை நன்றாகப் பேசியவரிடம் கேட்பதில்லை. ஓரத்தில் வாயைத் திறக்காமல் நிற்பவரிடம்தான் கேட்பார்கள்.